ரீசார்ஜ் செய்யாமல் விட்ட டிஷ்

1

சென்ற ஆண்டு ஆட்டையாம்பட்டியில் என் மனைவி சரஸ்வதி பார்த்துக்கொண்டிருந்த டிவியை நான் நிறுத்தினேன். நான் அப்போது கனடாவில் மகன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். நிறுத்துவதற்குப் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மாதாமாதம் என் கைப்பேசியிலிருந்து கட்டிவந்த டிஷ் ரீசார்ஜை அந்த மாதம் கட்டாமல் விட்டேன், அவ்வளவுதான். மறந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. நினைவூட்டும் குறுஞ்செய்தி வந்தது. படித்தேன். அழித்தேன்.

சரஸ்வதி போனில் கேட்டபோது பொய்யும் சொன்னேன். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். பொய்யையும் பாடம் மாதிரியே நடத்தினேன். சூரியன் சில நாட்களில் சேட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வந்துவிடும், அப்போது அதன் இரைச்சலில் சிக்னல் அமுங்கிப்போகும் என்றேன். அதில் உண்மை உண்டு. ஆனால் அது சில நிமிடச் சமாசாரம். நான் அதை வாரக்கணக்கில் இழுத்தேன்.

“சூரியன் ராத்திரியிலயுமா குறுக்க வருதுங்க?” என்று கேட்டாள். அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

காரணம் பொறாமை. பேரப்பிள்ளைகள் எடுத்த வயதில், டிவி பார்க்க வந்துபோகிற ஒருவர் மேல் பொறாமை.

இதை இப்போது எழுதக் காரணம் நாமக்கல்லில் இருக்கும் பழைய சக ஆசிரியர் ஒருவர். புது வீடு கட்டுகிறார். “அங்கெல்லாம் டிவியை எப்படிப் பார்க்கிறீர்கள்? ஆன்டெனாவா, டிஷ்ஷா, இன்டர்நெட்டா? எது நல்லதென்று சொன்னால் அதற்குத் தகுந்தபடி வயரிங் செய்துவிடுவேன்” என்று கேட்டிருந்தார். இரண்டு நாட்டிலுமாக மூன்றையும் பார்த்தவன் என்ற முறையில் பதில் எழுத உட்கார்ந்தேன். எப்படித் தொடங்கினாலும் அந்தக் கட்டாத ரீசார்ஜில்தான் வந்து முட்டியது.

2

முதலில் ஆன்டெனா. எங்கள் தெருவில் முதல் டிவி வாங்கியவர் அங்கமுத்து. என் மனைவிக்கு அத்தை மகன். திருச்செங்கோட்டுப் போர்வெல் லாரியில் வடக்கே ஊர் ஊராகத் துளை போட்டுச் சம்பாதித்து வந்து, மாடியில் தென்னை உயரத்துக்குக் குழாய் நட்டு, ஒளிபரப்புக் கோபுரம் இருந்த கொடைக்கானல் பக்கமாக ஆன்டெனாவைத் திருப்பி வைத்தார்.

தெருவில் வீட்டுக்கு வீடு பவர்லூம். தறி மோட்டார் ஓடினால் திரையெங்கும் வெள்ளைப் புள்ளி பறக்கும். கதாநாயகி முகத்தில் மணல் வாரி இறைத்தது போல இருக்கும். அதனால் தெருக்காரர்கள் தங்களுக்குள் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை படம் போடுகிற நேரத்துக்கு எல்லாத் தறியையும் நிறுத்திவிடுவது. பண்டிகைக்குக்கூட நிற்காத தறிகள் படத்துக்கு நின்றன. அந்த நேரத்தில் தெருவே மூச்சை அடக்கிக்கொண்டது போல இருக்கும்.

நான் போகமாட்டேன். கல்லூரி ஆசிரியர் தரையில் உட்கார்ந்து படம் பார்ப்பதாவது என்ற எண்ணம். வீட்டில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொள்வேன். தறி ஓடாததால் அங்கமுத்து வீட்டுச் சத்தம் முழுக்கக் காதில் விழும். படத்தின் வசனத்தைவிட சரஸ்வதியின் குரல்தான் அதிகம் கேட்கும். பின்னால் உட்கார்ந்த, காது மந்தமான கிழவிகளுக்கு அவள் வசனத்தைத் திருப்பிச் சொல்வாள். வில்லன் குரலில், மாமியார் குரலில், அழுகிற குழந்தைக் குரலில். கூட்டம் சிரிக்கும். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவள் எனக்கு ஒரு குரலில்தான் பேசியிருந்தாள். “ஏனுங்க, சாப்பாடு வெக்கட்டுங்களா?” என்கிற குரல்.

அடுத்த மாதமே நானும் டிவி வாங்கினேன். அங்கமுத்துவினுடையதைவிடப் பெரியது. படமும் தெளிவு. சரஸ்வதி என் பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் பார்த்தாள்.

“அங்க மட்டும் அத்தனை பேசறியே?” என்றேன்.

“உங்களுக்குத்தான் காது நல்லாக் கேக்குதுங்களே” என்றாள்.

ஆன்டெனாவைப் பற்றி நண்பருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். செலவில்லை. உயரமும் திசையும் சரியாக இருந்தால் போதும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே படம். அந்த வகையில் அது ஒரு தெருவையே சேர்த்து உட்கார வைத்துவிடும். அந்தத் தெருவில் யாருடைய வீட்டில் உட்கார வைக்கிறது என்பதுதான் சிக்கல்.

3

ஓய்வுபெற்ற பின் மகன் அழைத்ததால் இருவருமாக டொரண்டோ பக்கம் வந்தோம். சரஸ்வதி ஒரே ஒரு பனிக்காலம் இருந்தாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு டிவி முன்னால் உட்காருவாள். சத்தத்தைக் குறைத்துவிட்டு உற்றுப் பார்ப்பாள். தறிக்கொட்டகையில் வளர்ந்தவள் அவள். அந்த இரைச்சலில் பேச்சு காதுக்கு எட்டாது. வாயசைப்பைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். சிறுமியாகத் தறிக்கு நூல்தார் சுற்றிய நாளிலிருந்து அவளுக்கு அந்தப் பழக்கம். எங்கள் வீட்டிலும் தறி இருந்தது. ஆனால் படிக்கிற பையன் என்று அப்பா என்னைக் கொட்டகைக்குள்ளேயே விட்டதில்லை.

சில வாரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இங்க வாயசைப்புக்கூட இங்கிலீசா இருக்குதுங்க.” வசந்தம் வருமுன் ஊர் போய்விட்டாள். மாரியம்மன் பண்டிகைக்கு என்று சொல்லித்தான் போனாள். பண்டிகை முடிந்து பல பண்டிகைகள் வந்து போய்விட்டன. நான் பேரப்பிள்ளைகளைச் சாக்குச் சொல்லி இங்கேயே தங்கிவிட்டேன். உண்மையில், திரும்பிப் போனால் அவள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

இங்கே எங்கள் வீட்டில் மூன்று வழியும் உண்டு. ஜன்னல் கண்ணாடியில் காகிதம் போல ஒட்டிய ஆன்டெனா ஒன்று. உள்ளூர்ச் செய்தியும் வானிலையும் பனிக்கட்டி மேல் விளையாடும் ஹாக்கியும் இலவசமாக வரும். நம் ஊர் மாதிரி புள்ளி விழுவதில்லை. வந்தால் முழுசாக வரும், இல்லையென்றால் ஒன்றுமே வராது. கூரையில் பழைய குடியிருப்பாளர் விட்டுப்போன டிஷ் ஒன்று பனியைச் சுமந்துகொண்டு நிற்கிறது. அதில் தமிழ்ச் சேனல்கள் வாங்கலாம் என்று கேள்விப்பட்டு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். “எனக்கொரு டவுட்” என்று தொடங்கினேன். எங்கள் கல்லூரியில் டவுட் என்றால் கேள்வி. அந்தப் பெண் பதறிப்போய், “ஏன் ஐயா, எங்கள் மேல் என்ன சந்தேகம்?” என்றாள். அதைத் தெளிவுபடுத்தி முடிப்பதற்குள் அடுத்தது கேட்டாள்: “உங்கள் வீட்டு இன்டர்நெட்டும் எங்களுடையதுதான். கணக்கு உங்கள் பெயரிலா?” மகன் பெயரில் என்றேன். “அப்படியானால் உங்களோடு பேச எங்களுக்கு அனுமதியில்லை.” நான் அவன் அப்பா என்றேன். அதற்கு அவள் விதிமுறையில் இடமில்லை.

மூன்றாவது ஸ்ட்ரீமிங். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு முகப்படம். நான் எதையோ அழுத்தி எதையோ வாங்கிவிடுகிறேன் என்று மகன் என்னைக் குழந்தைகள் பிரிவில் போட்டுவிட்டான். அதில் பேசும் நாய்க்குட்டிகள் வருகின்றன. ஊரில் ஓடும் தமிழ் நாடகத்தைத் தேடினால், உங்கள் பகுதியில் கிடைக்காது என்கிறது. நெடுநேரம் சும்மா இருந்தால் திரையில் ஒரு கேள்வி வரும்: இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? பகலில் இந்த வீட்டில் என்னிடம் ஏதாவது கேட்பது அது ஒன்றுதான். பேத்தி இயல் தன் அறையில் தன் திரையில், பேரன் தன் காதுக்குள். சாப்பிட வாருங்கள் என்று மருமகள் எல்லாருக்கும் குறுஞ்செய்தி அனுப்புகிறாள்.

ஆட்டையாம்பட்டி வீட்டு டிஷ் மட்டும் என் பெயரில் இருந்தது. என் எண்ணில் பதிவு. கட்டுவதும் விடுவதும் என் கையில். கனடாவில் ஒரு போன் பேசக்கூட உரிமையில்லாதவனுக்கு ஆட்டையாம்பட்டியில் ஓர் அதிகாரம் மிச்சமிருந்தது.

4

ஊரில் இரவு ஏழு மணி என்றால் இங்கே காலைக் காப்பி நேரம். அந்த நேரத்துக்குத்தான் வீடியோவில் கூப்பிடுவேன். அவளுக்கு அது நாடக நேரம் என்று தெரிந்தேதான் கூப்பிடுவேன். போனை டிவி மேசை மேல் சாய்த்து வைத்துவிட்டு, “சாப்ட்டீங்களா? குளிரு எப்பிடிங்க?” என்பாள். பிறகு அவள் கண் திரைக்குப் போய்விடும்.

ஒருநாள் பேத்தி இயல் என் தோள் மேல் சாய்ந்து பார்த்துவிட்டு, “தாத்தா, அப்பாயி மியூட்ல இருக்காங்க” என்றாள்.

சரஸ்வதியின் வாய் அசைந்துகொண்டிருந்தது. புருவம் ஏறி இறங்கியது. கைவிரல் நாட்டியமாடியது. சத்தமில்லை. ஆனால் மியூட்டும் இல்லை. டிவியின் ஓசை, மின்விசிறியின் ஓசை எல்லாம் கேட்டது. அவள் எதிரே, கேமராவில் படாத ஓர் இடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று அங்கிருந்து ஓர் ஆண் சிரிப்பு வெடித்தது. சுற்றியிருந்த பெண்களும் சிரித்தார்கள்.

“யாரது?” என்றேன்.

“மச்சானுங்க. அங்கமுத்து மச்சான். போர்வெல் ரிக்கு வண்டிச் சத்தத்துல காது சுத்தமாப் போயிருச்சு, பாவம். நாடகத்துல என்ன சொல்றாங்கன்னு நாந்தான் சொல்லோணும்.”

என்னை ‘ஏனுங்க’ என்பாள். அவரை மச்சான் என்பாள். முறை அதுதான், அதில் தவறில்லை. மனைவியை இழந்தவர், மகள் வெளியூரில், எங்கள் வீட்டு நிலைப்படியை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போகிறார். கூட நாலைந்து பெண்கள் இருக்கிறார்கள். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? அதன் பிறகு தினமும் அந்தச் சத்தமில்லாத வாயைப் பார்த்துக்கொண்டே காப்பியை ஆறவிட்டேன். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை இருந்தது. அது எனக்குத் தெரியாது. எத்தனையோ வருடம் ஒரே வீட்டில் இருந்தும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை.

அந்த மாதம்தான் குறுஞ்செய்தியை அழித்தேன்.

வெறுமனே நிறுத்தவில்லை. மாற்று ஏற்பாடும் யோசித்து வைத்திருந்தேன். ஊர் போன ஒருவரிடம் புதுக் கைப்பேசியும் காதில் செருகும் கருவியும் கொடுத்தனுப்பினேன். “இனிமே இன்டர்நெட்தான். நாடகம் எப்ப வேணும்னாலும் பாக்கலாம். ஏழு மணிக்குன்னு உக்கார வேண்டியதில்லை. யாரும் ஊட்டுக்கு வரவேண்டியதில்லை” என்றேன். கடைசி வாக்கியத்தைச் சொல்லத்தான் மற்றவற்றைச் சொன்னேன்.

“காதுல சொருகிக்கிட்டுத் தனியாச் சிரிச்சா ஊருக்குள்ள என்ன நெனப்பாங்க?” என்றாள். அந்தக் கருவி பெட்டியிலேயே கிடந்தது.

டிவி இல்லாத வீட்டுக்கு அங்கமுத்து எப்படி வருவார்? தனியாக இருக்கிற பெண்ணின் வீட்டில் வந்து உட்கார நாடகம்தான் அவருக்கு மரியாதையான காரணமாக இருந்தது. அதை நான் எடுத்துவிட்டேன். சில நாள் பார்த்துவிட்டு ஓசூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பெண்களும் கலைந்தார்கள். நான் நினைத்தது அப்படியே நடந்தது. அன்று காப்பியைச் சூடாகக் குடித்தேன்.

மறுவாரம் சரஸ்வதி கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிடுவது அபூர்வம்.

“எதுத்த ஊட்லயும் அதே டிஷ்ஷுதான். அவங்களுக்கு நல்லாத்தான் வருது. அவங்களுக்கு வேற சூரியனுங்களா?”

கைப்பேசியை வேறு கோணத்தில் சாய்த்து வைத்தேன்.

“நீங்க காசு கட்டலை. அவ்வளவுதான?”

“ஆமா.”

“மறந்துட்டேன்னு சொல்லுங்க, நம்பிக்கறேன்.”

அந்த ஒரு வாய்ப்பை அவள் கொடுத்தாள். நான் சொல்லவில்லை. ஒருவேளை அதுதான் இதில் நான் செய்த ஒரே நேர்மையான காரியம். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாயசைத்து நீளமாக ஏதோ சொன்னாள். ஒரு சத்தமும் வரவில்லை. முடித்துவிட்டு இணைப்பைத் துண்டித்தாள். என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. மகன் கூப்பிட்டால் எடுத்தாள். “அப்பா இருக்காங்கம்மா, குடுக்கட்டுமா?” என்றால், “அடுப்புல பால் வெச்சிருக்கேன் சாமி” என்று வைத்துவிடுவாள்.

5

ரீசார்ஜை அன்றே வருடம் முழுவதற்கும் கட்டினேன். அதனால் எதுவும் மாறவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் மகனிடம் சொன்னார்கள்: படம் வருகிறது, பார்க்கத்தான் ஆளில்லை. சரஸ்வதியும் போடுவதில்லையாம்.

பனி தொடங்குமுன் ஊருக்குக் கிளம்பினேன். நேரே வீட்டுக்குப் போகத் துணிவில்லை. பெங்களூரில் இறங்கி ஓசூரில் அங்கமுத்துவின் மகள் வீட்டுக்குப் போனேன். அடுக்குமாடிக் குடியிருப்பு. கூடத்தில் சுவரளவு டிவி, எல்லாச் சந்தாவும் கட்டியது. அவர் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க வாத்தியாரே!” என்று கட்டிடமே அதிர வரவேற்றார். திரையைக் காட்டினார். “கீழ இங்கிலீசுல எழுத்து ஓடுது பாருங்க. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள அவன் செத்துப்போயர்றான்.”

தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். காது கேளாதவரிடம் அது நடக்குமா?

“அண்ணா, டிஷ் கெட்டுப்போகலை. நான்தான் காசு கட்டாம விட்டேன்.”

“என்னது?”

“நான்தான் நிறுத்தினேன்!”

“எதை?”

“டிவியை! நீங்க ஊட்டுக்கு வரக்கூடாதுன்னு நிறுத்தினேன்! பொறாமை!”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. எதிர்வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்தது. அங்கமுத்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “மெதுவா, வாயை நல்லாத் தொறந்து சொல்லுங்க. கத்த வேண்டாம்” என்றார். மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து, இன்னொரு தரம் சொன்னேன்.

புரிந்ததும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “அட, இந்தக் கெழவனைப் பார்த்து ஒருத்தருக்குப் பொறாமையா! எம் பொண்ணு குளிக்கலேன்னு திட்டுறா, நீங்க கனடாவுல உக்காந்து பயந்திருக்கீங்க. வாத்தியாரே, எனக்கு ஒரு வயசு கொறைஞ்சு போச்சு.” பிறகு சிரிப்பு அடங்கியது. “ஆனா அந்த ஒரு மணி நேரம்தான் எம் மூஞ்சியைப் பார்த்து ஒருத்தர் பேசறது. அதையும் எடுத்துப்போட்டீங்க.”

“எங்கூட ஊருக்கு வாங்க” என்று மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன்.

“நான் வாரேன். எம் பக்கம் முடிஞ்சுது. சரசுகிட்ட நீங்கதான் சொல்லிக்கோணும். அதுல நான் வரமாட்டேன்.”

இருவரும் ஒரே காரில் ஆட்டையாம்பட்டி வந்தோம். சரஸ்வதி அவரைப் பார்த்து, “வாங்க மச்சான்” என்றாள். என்னைப் பார்த்து, “காப்பி வெக்கட்டுங்களா?” என்றாள். அதே பழைய குரல். அதற்கே எனக்கு உயிர் வந்தது.

அன்று மாலை எதிர்வீட்டுக்காரியும் இன்னும் மூன்று பெண்களும் வந்தார்கள். நிலைப்படியருகே அங்கமுத்துவின் நாற்காலி. எல்லாம் திரும்பக் கிடைத்துவிட்டது என்று நானும் கூடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். நாடகத்தின் தொடக்கப் பாட்டு ஓடியது. ஒருவரும் பேசவில்லை. பெண்கள் சேலையைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்கள். சரஸ்வதி அங்கமுத்துவைப் பார்த்து வாயெடுத்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வந்த வகுப்பு போல இருந்தது.

விளம்பர இடைவேளையில் அடுக்களைக்குப் போனவளின் பின்னால் போனேன்.

“சரசு, செஞ்சது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன். மன்னிச்சிருவியா?”

அவள் டம்ளர்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். “தப்புன்னு உங்களுக்கே தெரிஞ்சா செரி” என்றாள். கூடத்திலிருந்து நாடகத்தின் இசை கேட்டது. “நாடகம் ஆரம்பிச்சிருச்சு. நீங்க கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்க.”

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். முறுக்குக் கடை வரை போவதற்குள் பின்னால் அந்தச் சிரிப்பு எழுந்தது. முதலில் பெண்கள், பிறகு அங்கமுத்து, எல்லாருக்கும் மேலே வில்லன் குரலில் என் மனைவி. வயிறு பழையபடி எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், இப்போதும் எரிகிறது. ஆனால் அன்று திரும்பிப் போகவில்லை. முறுக்குக் கடைக்காரரோடு விலைவாசி பேசினேன். தெரிந்தவர்கள் யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன். பாதிப்பேரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அங்கமுத்து தெருவில் நடந்து போவதைப் பார்த்த பிறகே வீட்டுக்குப் போனேன்.

அங்கிருந்த நாளெல்லாம் அப்படித்தான். கனடாவுக்குக் கிளம்புவதற்கு முன்தினம் கேட்டேன், “நான் இங்கியே வந்துடட்டுமா?”

அவள் காயப்போட்ட துணியை எல்லாம் மடித்து முடித்தாள்.

“உங்க ஊடு. வாங்க” என்றாள். பிறகு, “ஏழுலிருந்து எட்டு வரைக்கும் மட்டும் எங்கியாச்சும் போய்க்கோங்க.”

மகனிடம் சொல்லிவிட்டேன். இங்கே என்ன குறை என்று கேட்கிறான். குறையொன்றுமில்லை என்றேன். அடுத்த மாதத்துக்கு விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது. ஆட்டையாம்பட்டியில் ஏழிலிருந்து எட்டு வரை ஒரு வயதானவன் தினமும் எங்கே போய் உட்காரலாம் என்றுதான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு தள்ளிப் போனால் அந்தச் சிரிப்பு கேட்காது என்பதையும்.